கடைமடைக்குத் தண்ணி போச்சா?

ஸ்பிரிண்ட் பிளானிங் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். புலம்பல் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். திங்கட்கிழமை ரெண்டு மணி நேரம் மீட்டிங்கில் போகிறது, டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருக்கிறது, ரிலீஸ் மட்டும் வர மாட்டேன் என்கிறது. எந்த டூல் நல்லது என்று கேட்டால் சொல்லலாம்தான். ஆனால் டூலை மாற்றியதால் உருப்பட்ட டீமை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் இன்றைக்கு வரலாறு. இடம் எங்கள் ஊர்ப் பக்கம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி. கரிசலும் கண்மாயும் வேலிக்கருவையும் உள்ள வறண்ட சீமை.

முதலில் ஒரு தேதி. 2018 டிசம்பர் 27. அன்றைக்கு நிதி ஆயோக் ஒரு பட்டியல் வெளியிட்டது. நாடு முழுக்கப் பின்தங்கியவை என்று தேர்ந்தெடுத்த 112 மாவட்டங்களை வைத்து அந்த வருஷம் ஜனவரியில் ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். தமிழில் அதன் பெயர் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்'. தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் இருந்தன. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்துத் தாலுகாக்கள். 2018 ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரையான ஐந்து மாதத்தில் யார் அதிகம் முன்னேறினார்கள் என்று பார்த்ததில், விருதுநகர் நாட்டிலேயே முதலிடம்.

அந்தப் பட்டியலின் பெயர் 'டெல்டா ரேங்கிங்'. கணக்குப் பாடத்தில் வருமே, அதே டெல்டா. நீ எங்கே நிற்கிறாய் என்று அது கேட்காது. போன தடவை நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தாய் என்று கேட்கும். நம்ம பாஷையில் சொன்னால் வெலாசிட்டி. ஒரு மாவட்டத்துக்கே ஸ்டோரி பாயின்ட் போட்டு, சார்ட் வரைந்து, லீடர்போர்டில் ஏற்றிவிட்டார்கள். நம் டீம்களில் என்னவெல்லாம் நடக்கிறதோ அதெல்லாம் அங்கேயும் நடக்க வாய்ப்பு உண்டு, இல்லையா? அதைப் பார்ப்பதற்கு முன்னால், இதே மண்ணில் 'எவ்வளவு ஆச்சு?' என்ற கேள்வியை முன்பெல்லாம் யார் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று பார்த்துவிட்டு வருவோம்.

இந்தப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. கேட்க மோசமாகத் தெரியாது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். திருச்சுழி குண்டாற்றங்கரை ஊர்தான், இருந்தாலும் அந்த ஆற்றில் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் மணல்தான் ஓடும். அதனால்தான் பாண்டியர் காலத்திலிருந்தே இங்கே கண்மாய் வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். அது நிறைந்தால் அடுத்தது. ஒரு டீமின் அவுட்புட் அடுத்த டீமின் இன்புட் என்கிற சிஸ்டம். மேலே இருப்பவன் கலுங்கை மண்போட்டு உயர்த்திக்கொண்டால் கீழே இருப்பவனுக்கு ஒன்றும் வராது. இதற்காக ஊருக்கு ஊர் வெட்டுக்குத்து வரை போனதுண்டு. நாம் டிபெண்டென்சி என்று சொல்லி ஸ்லாக்கில் திட்டிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இந்த நாட்டில் நெல் விவசாயம் எப்படி என்பது முக்கியம். தஞ்சாவூர் மாதிரி நாற்றங்கால், நடவு என்று போவது இங்கே குறைவு. புரட்டாசி வாக்கில் காய்ந்த மண்ணில் புழுதி உழவு போட்டு விதைத்துவிடுவார்கள். மழை வந்தால் முளைக்கும். அப்புறம் கண்மாயில் தண்ணீர் சேர்ந்தால் அதை வைத்துப் பயிரைக் கரையேற்ற வேண்டும். அதாவது பிளான் ரெண்டு தடவை நடக்கிறது. விதைக்கும்போது இருப்பது ஒரு கணிப்பு. தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு போடுவதுதான் ஏற்பாடு. மழை ஓய்ந்து கண்மாய் மட்டம் தெரிந்ததும் ஊர்க்காரர்கள் கூடி, இருக்கிற தண்ணீர் எத்தனை நாள் தாங்கும், எந்த மடையைத் திறப்பது, முறை எப்படி, எந்தப் பகுதியைக் கைவிடுவது என்று பேசுவார்கள். கைவிடுவது என்பதும் அந்தக் கூட்டத்திலேயே பேசப்படும். அதைப் பேசாத பிளானிங் மீட்டிங்கை நீங்கள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?

இந்த விஷயம் சாஃப்ட்வேர் உலகத்துக்குப் புரிய நாளாகியது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் மேனிஃபெஸ்டோ எழுதினார்கள். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2011இல்தான், ஸ்க்ரம் கைடில் ஸ்பிரிண்ட் வேலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'வாக்குறுதி' என்ற அர்த்தம் வரும் சொல்லை எடுத்துவிட்டு 'கணிப்பு' என்ற சொல்லைப் போட்டார்கள். ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் புரட்டாசியில் விதைத்தவனிடம் போய் 'எட்டு மூட்டை தருவதாக வாக்குக் கொடுத்தாயே' என்று கேட்பது எவ்வளவு அபத்தமோ, அவ்வளவு அபத்தத்தை அந்தச் சொல் இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இன்றைய ஸ்க்ரம் கைடில் ஸ்டோரி பாயின்டும் கிடையாது, வெலாசிட்டியும் கிடையாது. வேண்டுமானால் தேடிப் பாருங்கள். ஸ்டோரி பாயின்டைக் கண்டுபிடித்தது நானாக இருக்கலாம், அப்படியானால் அதற்கு வருந்துகிறேன் என்று அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் பின்னாளில் எழுதினார்.

கண்மாய்க்கு வருவோம். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் ரிப்போர்ட் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் நின்றால் மடைக்கல்லில் மட்டம் தெரியும். ஆடு மேய்க்கப் போகிறவருக்கும் தெரியும், துணி துவைக்கப் போகிற அக்காவுக்கும் தெரியும். அலிஸ்டர் காக்பர்ன், அவரும் அந்த 17 பேரில் ஒருவர், இப்படித் தகவலைத் தானாகவே சுற்றியுள்ளவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் பலகையை ரேடியேட்டர் என்று சொன்னார். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ கொண்டுவந்த கண்பானும் அந்த வகைதான். ஜப்பானிய மொழியில் கண்பான் என்றால் அறிவிப்புப் பலகை. கண்பானுக்கும் கண்மாய்க்கும் சொல்லளவில் உறவு எதுவும் கிடையாது, வாட்ஸ்ஆப்பில் கிளப்பிவிடாதீர்கள்.

மடையை யார் திறப்பது? வயல்காரர் திறக்கக்கூடாது. அதற்கென்று ஒருவர் இருப்பார். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடையன் என்று ஊருக்கு ஒரு பெயர். நாம் வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிற 'மடையன்' ஒரு காலத்தில் ஊரிலேயே பொறுப்பான வேலை பார்த்தவரையும் குறித்த சொல் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில். கூலி அறுவடையின்போது களத்தில் நெல்லாக வரும். விளையாத வயலில் அவருக்கு என்ன கிடைக்கும்? அதனால் அவர் கவலை மடை திறந்ததோடு முடியாது. கரையை ஒட்டிய தலைமடை வயலுக்குத் தண்ணீர் தானாகவே பாயும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவருடைய கேள்வி. நடுவில் நண்டு வளை இருக்கும், வரப்பு உடைந்திருக்கும், ராத்திரியில் யாராவது வெட்டிவிட்டிருப்பார்கள். மடை எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்று கணக்குச் சொன்னால் கடைமடைக்காரர் சிரிப்பார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த சொல் அதுதான், கடைமடை. டெஃபினிஷன் ஆஃப் டன் என்று நாம் அரைப்பக்கம் எழுதி விக்கியில் போட்டு மறந்துபோகிற விஷயத்துக்கு இதைவிடச் சுருக்கமான பெயர் கிடையாது.

ஒரு நிமிஷம். இதை ஒரு பொற்காலமாக நான் விற்கவில்லை. கண்மாய்க் கூட்டத்தில் பேசியவர்கள் ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்தவர்கள். நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். தண்ணீர் முழுக்க அவர் கைவழியாகப் போகும், கூட்டத்தில் அவர் ஓரமாக நிற்பார். கோயில் மரியாதையும் தண்ணீர் உரிமையும் பின்னிக் கிடந்ததை மானுடவியலாளர் டேவிட் மோஸ் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை வைத்தே ஒரு புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறார். எல்லாருக்கும் மட்டம் தெரிந்தது, எல்லாரும் பேச முடியவில்லை. ஸ்டாண்ட்-அப்பில் ஃபிரெஷரும் கான்ட்ராக்டில் வந்த டெஸ்டரும் வாயைத் திறக்காமல் நிற்கிறார்களே, அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரிப்போர்ட் ஊரைவிட்டு வெளியே போக ஆரம்பித்த கதை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் ஜமீனில் இருந்தவை. 1803இல் ஆங்கிலேயர் கொடுத்த நிரந்தர சாசனத்தின்படி ஜமீன் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை நிலையானது. ஆனால் குடியானவர் ஜமீனுக்குக் கொடுத்தது, நஞ்சையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வாரம். விளைந்ததில் பங்கு. அறுத்துக் களத்தில் பொலி குவித்து, கோயிலுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் உரியதை முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஜமீனும் குடியும் பிரித்துக்கொள்வது. அந்த முதல் பங்குகளுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். ஆகஸ்ட் 15க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாரத்தில் ஒரு நியாயம் உண்டு. விளைச்சல் குறைந்தால் ரெண்டு பேருக்கும் குறையும். அதனால் கண்மாய் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை ஜமீனுக்கும் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டிலேயே ஒரு நோயும் உண்டு. விளைச்சல் எவ்வளவு என்று சொல்பவருக்குக் குறைத்துச் சொல்வதில் லாபம். கேட்பவருக்குக் கூட்டிச் சொல்வதில் லாபம். அதனால் நிற்கிற பயிரை மதிப்புப் போட ஆள், களத்துக்குக் காவல், அந்தக் காவலைப் பார்க்க இன்னொரு ஆள். எல்லார் கூலியும் அந்தப் பொலியிலிருந்துதான். உங்கள் டீமில் எட்டு பேர் கோடு எழுதி, நாலு பேர் அவர்களை டிராக் பண்ணினால் இந்தக் களத்துமேடு உங்களுக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் ஜமீன் வழக்கிலும் கடனிலும் மூழ்கியபோது, வரவேண்டியதை வாங்குவதில் காட்டிய வேகத்தைக் கண்மாய் பராமரிப்பில் காட்ட முடியவில்லை.

1948இல் சட்டம் வந்து, அடுத்த வருஷம் ஜமீன் போனது. அதன்பின் கிராமக் கர்ணம், அடங்கல், ஜமாபந்தி. அடங்கல் என்பது எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று வயல் வயலாகப் பார்த்து எழுதும் பதிவேடு. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். அதன் முடிவையொட்டி, கோடையில், தாலுகா ஆபீசில் பெரிய அதிகாரி உட்கார்ந்து கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வதுதான் ஜமாபந்தி. இன்றைக்கும் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் நடக்கிறது, மனுக்களும் வாங்குவார்கள். சிஸ்டமாகப் பார்த்தால் பிரமாதமான டிசைன்: களத்தில் போய்ப் பார், எழுது, வருஷம் ஒரு முறை ரிவ்யூ. சிக்கல், கர்ணம் வயலுக்குப் போனாரா என்பதில். திண்ணையில் உட்கார்ந்து போன வருஷ அடங்கலைப் பார்த்து இந்த வருஷத்தை எழுதிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தப் பதிவேட்டின் வயதுக்குக் கிட்டத்தட்டச் சமம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிக்கெட்டில் மணி நேரம் நிரப்புகிறோமே, அது. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்து, வி.ஏ.ஓ. வந்தார். 2024இல் டிஜிட்டல் பயிர் சர்வே என்று வேளாண் கல்லூரி மாணவர்களைப் போனோடு வயலுக்கு அனுப்பினார்கள். ஆட்களும் கருவிகளும் மாறினாலும், வயலில் போய் நின்றாரா என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு என்று நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய அடங்கல் வேண்டும். இழப்பீடு வருமா வராதா என்பதைப் பயிர் அறுவடைப் பரிசோதனை முடிவு செய்யும். சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, நெல்லென்றால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி அறுத்து, அடித்து, எடை போட்டு, அந்தப் பகுதி முழுவதற்கும் சராசரி எடுப்பார்கள். முறை விஞ்ஞானபூர்வமானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சராசரி என்றால் சராசரிதான். தலைமடை விளைந்து கடைமடை கருகிய வருஷத்தில், கிராமத்தின் சராசரி ஓரளவு தேறிவிட்டால், கடைமடைக்காரருக்குக் கையில் வருவது சொற்பம், சமயத்தில் ஒன்றுமே வராது. அவர் வயல் காய்ந்தது உண்மை, சராசரியும் உண்மை. நகையை அடகு வைத்து விதை வாங்கிய வீட்டில் ரெண்டாவது உண்மையை வைத்து அடுப்பு எரியாது.

இப்போது டெல்டாவுக்குத் திரும்பலாம். 5 துறைகள், 49 குறியீடுகள். சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும் சேர்த்து 30 சதவீதம், கல்விக்கு 30, விவசாயமும் நீர்வளமும் 20, மிச்சம் 20 நிதிச் சேவை, திறன் பயிற்சி, அடிப்படை வசதி. குறியீடுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ரெண்டு ஜாதிக் குறியீடுகள் கலந்திருப்பது தெரியும். மண்வள அட்டை எத்தனை விநியோகம் ஆனது என்பது ஒன்று. அட்டை கொடுத்தால் டிக் விழும். விவசாயி அதைப் படித்து உரத்தை மாற்றினாரா என்பது அதில் வராது. அது மடை திறந்த கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கும் மொழியும் எவ்வளவு வருகிறது என்பது இன்னொன்று. அது கடைமடைக் கணக்கு. முதல் வகையை ஐந்து மாதத்தில் ஏற்றிவிடலாம். ரெண்டாவது அவ்வளவு சுலபமாக நகராது. வேகத்துக்கு ரேங்க் கொடுத்தால் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு அளவை இலக்காக மாற்றிவிட்டால் அது அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்று குட்ஹார்ட் விதி சொல்கிறது. அதன் மூலத்தைப் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றித்தான் எழுதினார். டெல்டாவுக்கும் பொருந்தும், ஜிராவுக்கும் பொருந்தும்.

ஆனால் அந்த டிசம்பர் பட்டியலை நான் கிண்டல் செய்ய மாட்டேன், ரெண்டு காரணம். ஒன்று, ஒரு மாவட்டத்தை அதனுடைய பழைய நிலையோடு ஒப்பிடுவது நியாயமான விஷயம். கோயம்புத்தூரோடு திருச்சுழியை நிற்க வைத்து ரேங்க் போட்டால் கலெக்டர் ஆபீசில் யாருக்கும் வேலை செய்ய மனசு வராது. ரெண்டாவது, மாவட்டங்கள் தாங்களே ஏற்றிய எண்களை மட்டும் நம்பி அந்தப் பட்டியலைப் போடவில்லை. டாடா டிரஸ்ட்ஸ், கேட்ஸ் அறக்கட்டளை மூலம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சர்வே எடுத்து, அந்தச் சரிபார்த்த தரவையும் சேர்த்துத்தான் போட்டார்கள். வீட்டு வாசலில் போய்க் கேட்டிருக்கிறார்கள். கடைமடைக்கு நடந்து போகிற வேலை அதுதான். நம்மில் எத்தனை டீம் வெலாசிட்டி சார்ட்டை மேலே அனுப்புவதற்கு முன் ஒரு யூசரிடம் போய்க் கேட்கிறது?

எனக்குத் தெரிந்த ஒரு டீமில், பெயர் வேண்டாம், ஒவ்வொரு காலாண்டும் வெலாசிட்டி பத்து சதவீதம் ஏற வேண்டும் என்று மேலிடம் சொன்னது. ஏறியது. போன மாதம் மூன்று பாயின்ட் வாங்கிய வேலை இந்த மாதம் ஐந்து வாங்கியது, அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை, மதிப்புப் போடுவது கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

நான் இப்போது வேலை பார்க்கும் டீமில் நாங்கள் செய்கிறதைச் சொல்லி முடிக்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் டீமுக்குள்ளே மட்டும். மேலே போகிற ரிப்போர்ட்டில் அது கிடையாது, அதில் மூன்று வரிதான்: எது யூசர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, எது வழியில் நிற்கிறது, எங்கே உடைப்பு. பிளானிங் அன்றைக்கு முதல் கேள்வி என்ன செய்யலாம் என்பது கிடையாது. யார் லீவு, யார் ஆன்-கால், போன ரிலீசில் என்ன பாக்கி, அதாவது கண்மாயில் எவ்வளவு தண்ணி. அடுத்தது, எதைக் கைவிடுகிறோம். அதை எழுதி, கேட்டவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுகிறோம். அப்போது வருகிற கோபம் கடைசி வாரத்தில் வருகிற கோபத்தில் பாதிகூட இல்லை. ஸ்டாண்ட்-அப்பில் முதலில் பேசுவது டெஸ்டிங்கும் சப்போர்ட்டும், டெவலப்பர் கடைசி. ஆரம்பத்தில் டெவலப்பர்களுக்கு இது பிடிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். 'என் பக்கம் முடிஞ்சது' என்று சொல்ல வாய் வரும் முன்னாலேயே, அது எங்கே நிற்கிறது என்று சப்போர்ட்டில் இருக்கிற அக்கா சொல்லிவிடுகிறார்.

இன்னொன்று, மேனேஜர்களுக்கு. மாதம் ஒரு நாள், டாஷ்போர்டைத் திறக்காமல், சப்போர்ட்டுக்கு வருகிற போனை ரெண்டு மணி நேரம் கேளுங்கள். எங்கள் மேனேஜர் முதல் தடவை கேட்டுவிட்டு எழுந்து வந்து, அந்த வாரம் பச்சையாக இருந்த நாலு டிக்கெட்டில் ரெண்டை அவரே திரும்பத் திறந்தார்.

உங்கள் டீமில் கடைமடை யார் என்று யோசித்து எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சிலவற்றைப் படிக்கிறேன். வரட்டா.